தெருவுக்கே வாதமா? அம்மாப்பேட்டை வாசகிக்கு ஒரு மூட்டு மருத்துவரின் பதில்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 46 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்கிறார், நான் ராட்டையில் தார் (ஊடை நூல் கண்டு) சுற்றிக் கொடுப்பேன். ஆறு மாதமாக வலது கட்டைவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் வலி. படி ஏறினால் முட்டியும் வலிக்கிறது. காலையில் ஒரு பத்து நிமிடம் கை பிடித்த மாதிரி இருக்கும், அப்புறம் விட்டுவிடும். வீக்கம் எதுவும் இல்லை. எங்கள் பகுதியில் நடந்த ஒரு ரத்தப் பரிசோதனை முகாமில் ‘ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்’ என்று எடுத்தார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் 34, பாசிட்டிவ். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல். இது முடக்குவாதம், ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும் என்கிறார்கள்.

எங்கள் தெருவில் முப்பது வீடு. மூட்டு வலி இல்லாத வீடே இல்லை. ஏற்காடு நாகலூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, மலையில் குளிரால் எல்லாருக்கும் வாதம் என்கிறாள். ஐந்தில் ஒருவருக்கு மூட்டு நோய் என்று வாட்ஸ்அப்பிலும் வந்தது. நிஜமாகவே இது இவ்வளவு பேருக்கு இருக்கிறதா? தண்ணீரால் வருகிறதா, தொற்றிக்கொள்ளுமா? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 29 வயது, கைக்குழந்தைக்காரி. குழந்தை பிறந்து மூன்று மாதத்திலிருந்து அவளுக்கு விரல் கணுவெல்லாம் வீங்கி, காலையில் பத்து மணி வரை பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்க முடியவில்லை. ஆனால் அதே முகாமில் அவளுக்கு ஆர்.ஏ. நெகட்டிவ். கடையில் மாத்திரை செட் வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறாள். அவளுக்கே இல்லாதது எனக்கு எப்படி வந்தது?

பதில்:

அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தில் கவலைப்பட வேண்டிய ஆள் நீங்கள் இல்லை, உங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அவரைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறேன். இந்தப் பதிலை முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் நேராக அங்கே போய்விடுங்கள். அது அவசரம், மற்றதெல்லாம் நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கி வீங்கவைக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) எத்தனை பேருக்கு இருக்கிறது என்று நம் நாட்டிலேயே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்திருக்கிறார்கள். டெல்லிக்குப் பக்கத்துக் கிராமங்களில் 44,551 பெரியவர்களை இலக்காக வைத்து எடுத்த கணக்கு 1993-இல் வெளியானது. முதலில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கேள்வித்தாளோடு போய், சந்தேகத்துக்கு இடமானவர்கள் என்று 3,393 பேரைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு மருத்துவர்கள் அவர்களைத் தொட்டுப் பார்த்துச் சோதித்ததில் முடக்குவாதம் என்று உறுதியானது 299 பேருக்கு. ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேர். பயிற்சி பெற்றவர்கள் சந்தேகப்பட்டவர்களிலேயே பதினொன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை என்பதைக் கவனியுங்கள். தெருவில் நாம் போடும் கணக்கு எந்த அளவுக்கு நிற்கும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இன்னொரு கணக்கு புனே மாவட்டத்தில் பிக்வான் என்ற ஊரில் 1996-இல் எடுத்தது. உலகச் சுகாதார நிறுவனமும் உலக வாதநோய் மருத்துவர்கள் கூட்டமைப்பும் சேர்ந்து 1981-இல் ‘காப்கார்டு’ என்ற திட்டத்தைத் தொடங்கின. பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணாமல், ஊருக்குள் போய் எண்ணுவதுதான் அதன் நோக்கம். வீட்டுக்குப் போவார்கள், ‘உடம்பில் எங்காவது வலி உண்டா’ என்று கேட்பார்கள், ஒரு மனித உருவப் படத்தில் வலிக்கும் இடத்தைக் குறிக்கச் சொல்வார்கள். வலி என்று சொன்னவர்களை அதன்பிறகு மருத்துவர் பார்ப்பார். பிக்வானில் சுமார் நான்காயிரம் பெரியவர்களைக் கேட்டதில் வலி என்று சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். முடக்குவாதம் இருந்ததோ இருநூற்றுக்கு ஒருவருக்கு.

உங்கள் வாட்ஸ்அப் செய்தியின் ‘ஐந்தில் ஒருவர்’ கிட்டத்தட்ட இந்தப் பதினெட்டுதான். எண்ணில் பெரிய பொய் இல்லை. வலி என்று சொன்ன அத்தனை பேரையும் நோயாளி ஆக்கியதுதான் தவறு. அந்தப் பதினெட்டுப் பேரில் முட்டித் தேய்மானக்காரர் உண்டு, தோள்பட்டை பிடித்துக்கொண்டவர் உண்டு, முதுகு வலிக்காரர் உண்டு. ‘எங்கே வலி என்றே சொல்லத் தெரியவில்லை, உடம்பெல்லாம் வலிக்கிறது’ என்று சொல்லி எந்தப் பெயருக்குள்ளும் அடங்காதவர்களும் நிறைய உண்டு. உலகக் கணக்கிலும் இதே விகிதம்தான் தெரிகிறது. 2020-இல் உலகம் முழுக்க இடுப்பு வலியோடு இருந்தவர்கள் சுமார் 62 கோடி, மூட்டுத் தேய்மானம் சுமார் 60 கோடி, கௌட் என்கிற யூரிக் ஆசிட் வாதம் ஐந்தரைக் கோடி, முடக்குவாதம் ஒன்றே முக்கால் கோடி என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

சரி, இந்த எண்களுக்கும் உங்கள் ரிப்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. அம்மாப்பேட்டையில் ஆயிரம் பெரியவர்களை வரிசையில் நிறுத்தி எல்லாருக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதக்காரர் பலரின் ரத்தத்தில் காணப்படும் ஒரு புரதம்) எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் முடக்குவாதம் உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். இந்தச் சோதனை அவர்களில் சுமார் ஐந்து பேரைத்தான் பிடிக்கும், மீதி இரண்டு மூன்று பேருக்கு நோய் இருந்தும் நெகட்டிவ் என்றே வரும். நோய் இல்லாத 990 பேர் மிச்சம். ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கு இந்த ஃபேக்டர் ரத்தத்தில் இருக்கும். வயதானால் இன்னும் கூடும். ஆக, அந்த 990 பேரில் ஐம்பது பேருக்குப் பாசிட்டிவ் வரும். மொத்தம் 55 பாசிட்டிவ் ரிப்போர்ட். அதில் நிஜமாக நோய் உள்ளவர் ஐந்து பேர். மீதி ஐம்பது குடும்பங்கள் ஒன்றும் இல்லாத விஷயத்துக்குத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கும். நீங்கள் அந்த ஐம்பதில் ஒருவர் என்பதுதான் என் கணிப்பு.

வெறும் கணக்கை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய அடையாளங்களும் அப்படித்தான் இருக்கின்றன. வீக்கம் இல்லை. காலை இறுக்கம் பத்தே நிமிடம். உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல். 34 என்பதும் பெரிய எண் இல்லை. பல லேப்களில் இருபதுக்குள் இருந்தால் நெகட்டிவ் என்பார்கள், அதைப்போல் மூன்று மடங்குக்குள் இருப்பதை நாங்கள் ‘குறைந்த அளவு பாசிட்டிவ்’ என்றுதான் எடுத்துக்கொள்வோம். பழைய காசநோய், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி போன்ற தொற்றுகளிலும் இது ஏறும். இப்படிப் பாசிட்டிவ் உள்ளவர்களில் மிகச் சிலருக்குப் பல வருடம் கழித்து நோய் வருவதும் உண்டு. அதற்காக இப்போதே மாத்திரை தொடங்குவதில்லை. விரல் கணுக்களில் வீக்கம் வந்து சில வாரங்கள் நீடித்தால் அப்போது வாருங்கள், அது போதும்.

முகாம் பேக்கேஜ் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது மூட்டு வீங்கி வந்தவருக்கு, மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய சோதனை. அதைத் தெருவில் மேஜை போட்டு எல்லாருக்கும் எடுத்தால் மேலே சொன்ன ஐம்பது குடும்பத்துக் கதைதான் நடக்கும். இந்தப் பேக்கேஜ்களில் பெரும்பாலும் ஏ.எஸ்.ஓ. என்று ஒன்றையும் சேர்த்துவிடுகிறார்கள். அது தொண்டைத் தொற்றுக்குப் பிறகு பிள்ளைகளின் இதயத்தைத் தாக்கக்கூடிய வாதக்காய்ச்சலுக்கான சோதனை. 46 வயதில் கட்டைவிரல் வலிக்கும் அம்மாவுக்கு அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? யூரிக் ஆசிட்டும் அப்படியே. அளவு கொஞ்சம் ஏறியிருக்கும், கௌட் இருக்காது. வலி ஏதாவது முட்டியில் இருக்கும், பழி யூரிக் ஆசிட் மேல் விழும். உடனே பருப்பை நிறுத்து, தக்காளியை நிறுத்து என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படியானால் உங்கள் வலிக்கு என்ன காரணம்? ராட்டையைத்தான் சந்தேகப்படுகிறேன். நாள் முழுக்க ஒரே கையால் சுற்றும்போது கட்டைவிரலை இழுக்கும் தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் உராய்ந்து உராய்ந்து வீங்கிக்கொள்ளும். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சுருக்கென்று வலித்தால் பெரும்பாலும் அதுதான். கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வைக்கும் தாய்மார்கள், இவர்களிடமும் இதை அதிகம் பார்க்கிறேன். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் என்ற பட்டை ஒன்றை மூன்று நான்கு வாரம் போடுங்கள். அந்த நாட்களில் தார் சுற்றுவதை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நடக்கிற காரியமா என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. முழுக்க விட முடியாவிட்டால் பாதியாவது குறையுங்கள், மணிக்கொரு தரம் கைக்கு ஓய்வு கொடுங்கள்.

முட்டி வலி தேய்மானத்தின் தொடக்கமாக இருக்கலாம். படியில் மட்டும் வலிப்பது அதற்குப் பொருந்துகிறது. எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டி தாங்கும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள். காலையும் மாலையும் இரண்டு காலுக்கும் பத்துப் பத்துத் தடவை. தைலம் தேய்ப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும். தைலம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி உங்கள் தெரு. முப்பது வீடு என்றால் பெரியவர்கள் நூறு பேர் இருப்பார்கள். பிக்வான் கணக்குப்படியே பதினெட்டுப் பேருக்கு வலி இருக்க வேண்டும், அதுவே ஒரு வீடு விட்டு ஒரு வீட்டுக்கு மேல் வருகிறது. தறிக்காரத் தெருவில் அது கூடுதலாக இருந்தால் ஆச்சரியம் இல்லை. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, முதுகை வளைத்து, நாளெல்லாம் மிதியை மிதித்தால் இடுப்பும் முட்டியும் சும்மா இருக்குமா? இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் தெருவிலிருந்து படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் இருப்பார்கள், தெருவில் மிச்சம் இருப்பவர்கள் வயதானவர்கள். தேய்மானம் வயதோடு வருவது. வயதானவர்கள் நிறைந்த தெருவை எண்ணிவிட்டு ஊரே நோயாளி என்று சொல்லக் கூடாது. முடக்குவாதம் என்று பார்த்தால், உங்கள் தெரு நூறு பேரில் ஒருவர் இருக்கலாம், ஒருவரும் இல்லாமலும் போகலாம். ஆனால் மாவட்டம் முழுக்கப் பார்த்தால் கதை வேறு. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை 34.8 லட்சம். பெரியவர்கள் 25 லட்சம் என்று வைத்தால்கூட, இந்த விகிதப்படி முடக்குவாதக்காரர்கள் பன்னிரண்டாயிரத்திலிருந்து பத்தொன்பதாயிரம் வரை இருப்பார்கள். தெருவில் தேடினால் கிடைக்காத நோய், மாவட்ட அளவில் ஒரு சிறு ஊரையே நிரப்பும்.

தொற்றுமா என்று கேட்டிருந்தீர்கள். முடக்குவாதம் தொற்றாது. ரத்த சொந்தத்தில் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், பெண்களுக்கு ஆண்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும், புகைபிடிப்பதும் அதை ஏற்றிவிடும். கொசு வழியாக வரும் சிக்குன்குனியா மட்டும் வேறு வழக்கு. 2006-இல் தமிழ்நாட்டில் அது பரவியபோது, காய்ச்சல் ஒரு வாரத்தில் போய் மூட்டு வலி மாதக்கணக்கில் நின்றவர்கள் ஏராளம். அப்போது முழுத் தெருவும் ஒரே நேரத்தில் நொண்டியது உண்மைதான். உங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில், காய்ச்சலோடு வந்ததா? அப்படி நீங்கள் எழுதவில்லை.

தண்ணீர் விஷயம் பாதி உண்மை. உப்புத் தண்ணீர் குடித்தால் மூட்டில் உப்பு படியும் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஆனால் ஃபுளோரைடு அதிகமான தண்ணீர் உண்மையிலேயே எலும்பைக் கெடுக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் சில பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் இந்தச் சிக்கல் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே இதுதான் காரணம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பல வருடம் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், அளவு மேலும் கூடினால் பெரியவர்களுக்கு முதுகும் கழுத்தும் இறுகிப்போகும். நகரத்தில் மேட்டூர்க் காவிரித் தண்ணீர் குடிக்கிற உங்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். போர் தண்ணீரையே குடிக்கும் சொந்தக்காரர்கள் கிராமத்தில் இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அக்காவுக்கு: குளிர் நோயை உண்டாக்குவதில்லை. ஏற்காட்டைவிடப் பல மடங்கு குளிரும் இங்கிலாந்திலும் முடக்குவாதம் நூற்றுக்கு ஒருவருக்குள்தான். ஏற்கெனவே இருக்கும் வலி குளிரில் கூடுதலாக உறைக்கும் என்று பலர் சொல்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாகலூர்ப் பெண்களின் முட்டியைக் கெடுப்பது குளிர் இல்லை என்றே நினைக்கிறேன். காபித் தோட்டச் சரிவில் மூட்டையோடு ஏறி இறங்குவதுதான் கெடுக்கிறது. ஏற்காடு பாதையிலும் கொல்லிமலையிலும் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பைக் குடிக்கலாமா என்று இந்தப் பக்கத்தில் என்னிடம் கேட்காதவர் கிடையாது. குடியுங்கள், மிளகு சீரகம் தட்டிப் போட்டால் நன்றாகவே இருக்கும். அது இருக்கிறதே என்று முடக்குவாத மாத்திரையை நிறுத்த மட்டும் கூடாது.

இப்போது உங்கள் பக்கத்து வீட்டுப் பெண். நீங்கள் போகிற போக்கில் எழுதிய நான்கு வரியில் எல்லாமே இருக்கிறது. இரண்டு கையிலும் விரல் கணு வீக்கமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். காலையில் பத்து மணி வரை விரல் மடங்காமல் இருப்பது தேய்மானம் இல்லை, அசதியும் இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் முடக்குவாதம் முதன்முதலாகத் தலைகாட்டுவது நாங்கள் நன்றாக அறிந்த விஷயம். ஆர்.ஏ. நெகட்டிவ் என்பதை வைத்து அவரை விட்டுவிட முடியாது. மேலே சொன்ன ஆயிரம் பேர் கணக்கில், நோய் இருந்தும் சோதனையில் தப்பிப்போகும் இரண்டு மூன்று பேர் என்று எழுதினேன் அல்லவா, அவர் அதில் ஒருவராக இருக்கலாம். இந்த நோயில் முதல் மூன்று நான்கு மாதம் மிக முக்கியம். அதற்குள் சரியான மருந்து தொடங்கினால் மூட்டு அரித்துப்போவதைப் பெருமளவு தடுத்துவிடலாம். தள்ளிப்போட்டால் வீக்கம் பின்னால் அடங்கினாலும் கோணிய விரல் நிமிராது.

அவர் கடையில் வாங்கும் ‘செட்’டில் அநேகமாக ஒரு வலி மாத்திரையும் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். போட்ட அன்றே பறந்துபோகிற மாதிரி வலி குறைவதற்கு அந்த ஸ்டீராய்டுதான் காரணம். அது வலியை மறைக்கும். மூட்டுக்குள் நடப்பது நடந்துகொண்டே இருக்கும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். ஆனால் பயந்துபோய் நாளைக்கே ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். வாரக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது, மயக்கம் வரை போகலாம். அந்தச் செட்டை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கட்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவ ஓ.பி.யில் காட்டலாம். வாதநோய்க்கென்றே படித்த தனியார் மருத்துவரிடமும் போகலாம். ஆன்டி சி.சி.பி. என்ற இன்னொரு முடக்குவாத ரத்தச் சோதனை அவருக்குத் தேவைப்படும், உங்களுக்கு இப்போது தேவையில்லை.

போகும்போது பால் கொடுக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். முடக்குவாதத்துக்கு நாங்கள் வழக்கமாக முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்சேட். விலை குறைந்த, நல்ல மருந்து. ஆனால் தாய்ப்பால் கொடுக்கும்போதும் அடுத்த குழந்தைக்கு முயலும்போதும் அது கூடாது. அந்த நேரத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசீன் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. பிற்பாடு மெத்தோட்ரெக்சேட் தொடங்கினால் அது வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை, தினமும் இல்லை. தினமும் போட்டு ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகி வந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆர்.ஏ. ஃபேக்டரை மறுபடி எடுக்க வேண்டாம். அந்தக் காசுக்கு ஸ்ப்ளின்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.